இடது முன்சக்கரம்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் "போய் வேலையப் பாருப்பா" என்றுதான் சொல்லியிருப்பேன். இருட்டு கிடையாது. மழை கிடையாது. நாய்கூட ஊளையிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே நடந்தது.

அண்ணன் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவருடைய கார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. "சும்மா நிக்கிறதுக்கு உங்க பொண்ணு ஓட்டட்டும் தம்பி" என்று அண்ணிதான் சாவியைக் கொடுத்தார். என் மகளுக்குப் பக்கத்து ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, முதன்முதலாகத் தனியாக, நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டப் போகிறாள்.

ஆனால் கார் முனகியது. வேகம் அறுபதைத் தொட்டால் "ம்ம்ம்ம்..." என்று தரையிலிருந்து ஒரு சத்தம். வலப்பக்கம் திருப்பினால் அது அதிகமானது. அப்போது பாரம் இடப்பக்கம் சாயும். ஆகவே இடது முன்சக்கரத்தில் ஏதோ கோளாறு. மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. நானே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

இந்த வேலை எனக்குப் புதிதில்லை. அண்ணனும் நானும் இருபது வருடமாக எங்கள் வண்டிகளை நாங்களேதான் பார்த்துக்கொண்டோம். அச்சகத்தில் மெஷின்களுக்கு நடுவே வேலை பார்த்து அண்ணனுக்குக் காது போய்விட்டது. அதனால் எங்களுக்குள் பேச்சு கிடையாது, தட்டுதான். நான் சக்கரத்தைச் சுற்றுவேன். அவர் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் விரலை வைத்து அதிர்வைப் பார்ப்பார்; சக்கரத்தைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தால் விரலில் கரகரக்கும். மட்கார்டில் இரண்டு தட்டு தட்டினால் சுற்று. ஒரு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் கோளாறு கிடைத்துவிட்டது. இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். வீட்டில் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

"காது பொய் சொல்லும், விரல் சொல்லாதுடா" என்பார். காது கேட்காத மனுஷன் வேறென்ன சொல்வார் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் போன நாளிலிருந்து நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பார்சல் ஆபீஸில் முத்திரை குத்துவது என் வேலை. மூன்றாம் நாளே போய்க் குத்த ஆரம்பித்துவிட்டேன். "கல்லுங்க நீங்க" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மகள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகச் செருப்பு வாங்க, அவளும் மனைவியும் கடைக்குப் போயிருந்தார்கள். போகும்போது மகள் கேட்டாள்.

"நாளைக்கு எடுத்துட்டுப் போலாம்ல ப்பா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

மணி 4:35. பின்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தேன். ஹேண்ட் பிரேக். நியூட்ரல். ஜாக்கி வைத்து இடது முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்தேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை. இடமும் வலமும் ஆட்டினேன். இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆக்ஸில் மேலிருக்கும் ரப்பர் உறை கிழியவில்லை, கிரீஸ் வழியவில்லை.

மிச்சம் விரல் சோதனை. சக்கரத்துக்கு மேலாக இடது கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்தேன். வலது கையால் சக்கரத்தைச் சுற்றினேன். பிரேக் உரசும் "ஸ்ஸ்ஸ்" சத்தம் மட்டும். விரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

பேரிங் நன்றாக இருக்கிறது. டயர் சத்தமாக இருக்கும். நாளைக்குப் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிடலாம்.

மணி 5:04.

டக்... டக்... டக்.

என் தலைக்கு மேலே, மட்கார்டில். மூன்று.

மனைவி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். "வந்தாச்சா?" என்றேன். பதில் இல்லை. கை உள்ளே மாட்டியிருந்ததால் எழ முடியவில்லை. குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். அந்தப் பக்கம் யாராவது நின்றால் கால் தெரிய வேண்டும். சிமெண்ட் தரை தெரிந்தது. மூடிய கேட் தெரிந்தது.

கால் எதுவும் இல்லை.

டக்... டக்.

இரண்டு தட்டு. என் வலது கை தானாகச் சக்கரத்தைச் சுற்றியது. இருபது வருடப் பழக்கம். யோசிக்கவே இல்லை.

டக்.

நிறுத்தினேன்.

டக்... டக்... டக்.

கோளாறு கிடைத்துவிட்டது என்கிறது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே! பயமா என்று கேட்டால், அதுவும் சரியாக வரவில்லை.

அப்போதுதான் ரிம்மில் ஒரு சொட்டைப் பார்த்தேன். சிவப்பு.

இன்னொரு சொட்டு.

எங்கிருந்து...?

கையை மெல்ல வெளியே எடுத்தேன். இடது ஆள்காட்டி விரல். உள்ளே இருந்த தகடு கிழித்திருக்கிறது. வெள்ளையாக உள்சதை தெரிகிற அளவு வெட்டு. ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது.

வலிக்கவில்லை.

கொஞ்சம்கூட.

கையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறங்கையில் தோல் குழிந்தது.

விரல் நுனி வைத்து அழுத்தினால் குழியுமே... அப்படி.

எழுந்தது.

மறுபடி குழிந்தது.

எழுந்தது.

மூன்றாம் முறை.

கண்ணால் பார்த்தேன். கைக்குத் தெரியவில்லை.

மணி 5:11.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு வலது கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்தேன். ரத்தக் கையால் சக்கரத்தைச் சுற்றினேன்.

கரகரவென்று இருந்தது. அம்மியில் கல் உப்பை அரைக்கிற மாதிரி. மணிக்கட்டு வரை ஏறியது.

மகள் புதுச் செருப்போடு வந்து நின்றாள். "ஐயோ, என்னப்பா ரத்தம்!"

"நாளைக்கு பஸ்ல போ."

"வண்டி?"

"வேணாம்."

திங்கட்கிழமை மெக்கானிக் வீட்டுக்கே வந்து சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கைத் தட்டில் கொட்டினார். உள்ளே இருந்த இரும்புக் குண்டுகள் செதில் செதிலாகப் பெயர்ந்து, வெடித்துக் கிடந்தன.

"இதோட நெடுஞ்சாலைல போயிருந்தா சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் சார். நீங்க கையை வெச்சுப் பாத்தும் தெரியலையா?"

அன்று இரவு மகள் தூங்கும்போது கதவருகில் நின்று அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அவளை அந்த வண்டியில் ஏற்றிவிட இருந்தேன். என் விரலை நம்பி.

விரலுக்குத் தையல் போட்ட டாக்டர் கையில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி சுத்தமாக இல்லையாம்.

"குறைஞ்சது மூணு மாசமா இருந்திருக்கணும். எப்படிக் கவனிக்காம விட்டீங்க?"

முத்திரை குத்துவது வலது கை. இடது கைக்குக் காகிதத்தைப் பிடிப்பதைத் தவிர என்ன வேலை? விறைத்த மாதிரி இருந்ததையெல்லாம் துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் முன்னாலிருந்தே இருந்திருக்கிறது.

அடுத்த வாரம் அண்ணியைப் பார்க்கப் போனேன். விரலில் இருந்த கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். வெட்டுப்பட்டது, கையில் உணர்ச்சி இல்லை, மூன்று மாதமாகவே இல்லையாம் என்றேன். சக்கரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மட்கார்டில் கேட்ட தட்டலைப் பற்றியும் சொல்லவில்லை.

அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

"அப்போ ஆஸ்பத்திரில அவர் கையப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தீங்களே... அது இந்தக் கைதானே?"

"ஆமா அண்ணி."

"அதான் தெரியலையா உங்களுக்கு... அவருக்கு வாயில குழாய், பேச முடியல. உங்க கை மேல விரலால தட்டிட்டே இருந்தார் தம்பி. மூணு மூணா. ஒரு மணி நேரம். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. என்ன மனுஷன் இவர்னு எனக்கு அவ்வளவு கோவம்."

அங்கேதான் அழுதேன். ஆறேழு வாரத்து அழுகையும் சேர்ந்து வந்தது. என் கையில் என்ன கோளாறு என்று அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது. சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னொண்ணு. இத யார்கிட்டயும் சொல்லல. டாக்டர் வந்து பாத்துட்டு, உயிர் போயிடுச்சுன்னு சொல்லி, மெஷினை எல்லாம் நிறுத்தினாரே..."

"ஆமா."

"அதுக்கப்புறமும் தட்டுச்சு தம்பி. நர்ஸ் உங்க கைய எடுத்துவிடற வரைக்கும்."

இப்போது இதை வலது கையால் எழுதுகிறேன். இடது கை மேஜைமேல் விளக்குக்கு அடியில் இருக்கிறது. தொட்டாலும் தட்டினாலும் அதற்குத் தெரியாது.

அதனால்தான்... பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.