இரண்டு கிண்ணம் திராட்சை

தராசு முதலில் சுவரில் மோதி உடைந்தது. பிறகுதான் அந்த அக்காவின் கன்னத்தில் அறை விழுந்தது. இரண்டுக்கும் காரணம் என் வாய்.

அப்போது தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. பழத்தில் எவ்வளவு பூச்சிமருந்து தங்கியிருக்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். அந்தப் பழத்தை எவ்வளவு தின்கிறார்கள் என்பதை வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும். மருந்தைத் தின்ற அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுத்தால் ஒருவர் உடம்புக்குள் போவது தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்தக் கணக்கை அப்படி நம்பினேன்.

ரயில்வே காலனியில் அந்த அக்காவுக்கு ஐந்தாம் மாதம். முந்தைய நாள் சாப்பிட்டதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். திராட்சை என்றதும் எவர்சில்வர் கிண்ணத்தைக் காட்டிச் சிரித்தார்.

"இதுல ரெண்டு, தம்பி. கழுவக்கூட இல்ல. வாய் கேக்கல."

கிண்ணம் எவ்வளவு கொள்ளும் என்று நான் கொண்டுபோன தராசில் நிறுத்து எழுதினேன். படிவத்தில் அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த நேரம் பட்டறையிலிருந்து கணவர் வந்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதே என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வீட்டு ஆம்பளை வந்தபின் அவரை விட்டுவிட்டுப் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன் நான். எழுந்து வணக்கம் சொல்லி, எழுதியதை முதலிலிருந்து படித்துக் காட்டினேன்.

"திராட்சை, ரெண்டு கிண்ணம்."

"காட்பாடிலேர்ந்து அம்மா வருதுன்னு வாங்கி வச்சேன். கைக்குடி, ஏன்டி தின்ன?"

தராசு பறந்தது. அறை விழுந்தது.

"நக்கோங்க, வேணாங்க, வயித்துல புள்ள..."

கணவர் அக்காவின் கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். குறுக்கே பாய்ந்த என் நெற்றியில் கிண்ணம் இறங்கியது.

"சர்க்கார் பேப்பர்ல என் பொண்டாட்டி திருடித் தின்னான்னு எழுதுவியாடா நீ?"

படிவத்தைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். அக்காவின் உதடு கிழிந்து ரத்தம் நைட்டியில் சொட்டியது.

"நான் ஒண்ணும் திங்கல. போயிடு தம்பி, போ!"

பக்கத்து வீட்டார் நான்கு பேர் சேர்ந்துதான் அவரை இழுத்துப் பிடித்தார்கள். பிடித்த பிறகும் அவர் கால் அக்காவை உதைக்க எட்டிக்கொண்டே இருந்தது.

என் நெற்றியில் மூன்று தையல். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்னால் நினைவிலிருந்து கணக்கைப் போட்டேன். நான் கேட்ட கர்ப்பிணிகளில் அந்த அக்காவுக்கு மட்டும் மருந்து அனுமதித்த அளவைத் தாண்டியது.

கையெழுத்து இல்லாத கணக்கு செல்லாது, திரும்பப் போய் வாங்கி வா என்றார் மேலதிகாரி. அந்த வாசலில் நின்று மறுபடி திராட்சையைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் அடி யாருக்கு விழும் என்று எனக்குத் தெரியும். நான் போகவில்லை. கேட்காவிட்டால் அடி நின்றிருக்குமா, அதுவும் தெரியாது.

அட்டவணையிலிருந்து அந்த அக்காவின் வரியை நீக்கினார்கள். கர்ப்பிணிகளில் அளவைத் தாண்டியவர் எவருமில்லை என்று அறிக்கையில் தட்டச்சு செய்தவன் நான்தான்.