மெல்ல ஏறும் வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். விருதுநகரில் ஒரு பிளைவுட் கடையில் நின்று, ஒரு வீட்டு அலமாரிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் எங்கள் எலக்ட்ரீஷியன்கள் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ‘சாத்தூர் மகேஸ்வரி அக்கா இன்னைக்குக் காலைல தவறிட்டாக. மாரடைப்பு.’ அதற்கு நேர் மேலே, முந்தைய நாள் மாலை மகேஸ்வரியே எழுதிய செய்தி இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் எது நல்லது என்று யாரோ கேட்டதற்கு, ‘அவசரப்பட்டு வாங்கிராதீக, நான் பாத்துட்டுச் சொல்றேன்’ என்று பதில் போட்டிருந்தார். இரண்டையும் மாறி மாறிப் படித்தேன். கடைக்காரர் என்னவோ கேட்டார். எனக்கு அது காதில் ஏறவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். பலர் வீட்டில் அவர் போட்ட விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மகேஸ்வரி பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவர். கணவர் சாத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான் வீடுகளுக்கு உள் அலங்கார வேலை எடுத்துச் செய்பவன். பதினோரு ஆண்டுகள் என் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு விளக்குத் திட்டம் போட்டது அவர்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் கடைசி வரை என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டார். வேலை நடக்கிற இடத்தில் எல்லோருமே அவருக்கு அண்ணன்தான்.

முதன்முதலாக அவரைப் பார்த்தது நாரணாபுரத்தில் ஒரு வீட்டில். மாடியில் சினிமா பார்ப்பதற்கென்றே தனி அறை கட்டிக்கொண்டிருந்தார்கள். சீலிங்கில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு விளக்குகள் வரைந்து வைத்திருந்தேன். மகேஸ்வரி வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, சோபா வரப்போகும் இடத்தில் போட்டு உட்கார்ந்தார். திரை வரப்போகும் சுவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சீலிங் அழகா இருக்கணும்னு லைட்டு போட்டிருக்கீக. இங்கன உக்காந்திருக்கிறவன் என்ன பாவம் செஞ்சான்?”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு டார்ச்சை எடுத்து ஏணியில் ஏறி, என் முன்வரிசை விளக்கு வரும் இடத்திலிருந்து சுவரில் அடித்துக் காட்டினார். திரை இருக்கவேண்டிய இடம் முழுக்க வெள்ளையாகத் திட்டுப் படிந்தது. படத்தில் ஒரு இருட்டுக் காட்சி வந்தால் அது சாம்பலாகத்தான் தெரியும். பன்னிரண்டில் ஏழு விளக்குகளை அங்கேயே அடித்துவிட்டார். மீதியைப் பக்கச் சுவர்களின் மேல்விளிம்பில், விளக்கே கண்ணில் படாதபடி ஒளித்தார். “படம் ஓடும்போது அறை இருக்கிறதே தெரியக்கூடாது. படம் நின்னா ஆளுக மொகம் தெரியணும். இது ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுதான் அண்ணே நம்ம வேலை” என்றார்.

ஒவ்வொரு அறையையும் ஒப்படைக்கும் முன் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருவார். ஒரு முறை என்னையும் உட்காரச் சொன்னார். உள்ளே போனபோது கருங்கும்மிருட்டு. இரண்டு நிமிடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. “இருங்க, கண்ணு எறங்கட்டும்” என்றார். ஐந்தாவது நிமிடத்தில் ஏ.சி.யின் பச்சைப் புள்ளி தெரிந்தது. பிறகு ஸ்டெபிலைசரில் ஒரு சிவப்பு. கதவின் அடியில் நூல் மாதிரி ஒரு கோடு. இன்டர்நெட் பெட்டியின் நீலம், எதிர்ச் சுவரின் பளபளப்பான பெயிண்டில் இன்னொரு நீலமாகப் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. இருட்டு என்று நான் நினைத்த அறையில் ஏழு வெளிச்சங்கள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டே போனார். வெளியே வந்தபோது என் தொழிலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்ததுபோல் இருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது சிவகாசி வீட்டைப் பற்றி. அதைச் சொல்வதற்கு என் பிழையையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வீட்டுப் பெரியவரை ராஜாமணி அண்ணாச்சி என்று இங்கே அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் பட்டாசு கம்பெனி நடத்தியவர். பிறகு அதை விட்டுவிட்டு அச்சுத் தொழிலுக்கு வந்துவிட்டார். இளம் வயதில் சினிமாப் பைத்தியம். புதுப்படம் வந்தால் சாத்தூர், விருதுநகர், மதுரை என்று தேடிப் போய்ப் பார்ப்பாராம். ஆனால் பல வருடங்களாகத் தியேட்டர் பக்கமே போவதில்லை. அப்பாவுக்குக் கூட்டம் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வீட்டிலேயே ஒரு தியேட்டர் வைத்துக் கொடுப்போம் என்று மகன் செந்தில் முடிவு செய்தார். என்னிடம் வந்தார். சீலிங் முழுக்க நட்சத்திரம் மின்ன வேண்டும் என்றார்.

அந்த வேலைக்கு நான் மகேஸ்வரியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நட்சத்திரத்தில் கை வைப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் நானே நின்று, கறுப்புச் சீலிங்கில் நூற்றுக்கணக்கான ஊசித் துளைகள் போட்டு, ஒளியிழைகளைக் கோத்து முடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் வாய் பிளந்தார்கள். முதல் படத்துக்குக் குடும்பமே உட்கார்ந்தது. செந்தில் ஒரு பொத்தானைத் தட்டினார். விளக்கு சட்டென்று அணைந்தது, மேலே நட்சத்திரங்கள் மின்னின. இடைவேளையில் இன்னொரு தட்டு. அறை பளிச்சென்றது. அண்ணாச்சி எழுந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கேட்டதற்கு, “உள்ள புழுக்கமா இருக்குலே” என்றார்.

செந்தில் இன்னொரு ஏ.சி. போட்டார். இரண்டாம் முறையும் அதே கதைதான். மூன்றாம் முறை அண்ணாச்சி அந்த அறைப்படி ஏறவில்லை. “எங்கப்பாவுக்குன்னு கட்டுனது சார். அவரே உள்ள வரமாட்டேங்காரு. என்ன செஞ்சு வச்சிருக்கீக?” என்று செந்தில் என்னிடம் சத்தம் போட்டார். வேறு வழியில்லாமல் மகேஸ்வரிக்குப் போன் செய்தேன்.

அவர் பஸ் பிடித்து வந்தார். அறையில் அரை நாள் தனியாக இருந்தார். பிறகு கீழே வந்து, முற்றத்தில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தத் தியேட்டரில் எந்த வரிசையில் உட்காருவீர்கள், முறுக்கு வாங்குவீர்களா, பாட்டு வந்தால் வெளியே போவீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி உற்சாகமாகப் பேசினார். நடுவில் மகேஸ்வரி மிகச் சாதாரணமாகக் கேட்டார். “கடைசியா எப்ப அண்ணாச்சி தியேட்டருக்குப் போனீக?”

அண்ணாச்சி செய்தித்தாளை மடித்தார். “கம்பெனில அது நடக்கிறதுக்கு முந்துன வாரம்.”

அவருடைய கம்பெனியில் ஒரு விபத்து நடந்தது என்று ஊருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. அன்று அவரே சொன்னார். அவர் கம்பெனி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். தூரத்தில், கடைசி ஷெட்டில்தான் வெடித்திருக்கிறது.

“மொதல்ல வெளிச்சந்தாம்மா வந்துச்சு. பட்டப்பகல்லயே கண்ணக் கூசுற வெளிச்சம். சத்தம் பொறகுதான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு நேரம் இருந்துச்சு. அந்த ஒரு மூச்சுல எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. உள்ள யாரு யாரு இருக்காகன்னு மொகம் மொகமா வந்துச்சு.” செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். “இப்பவும் எங்கயாவது பளிச்சுன்னு லைட்டு வந்தா, ஒடம்பு சத்தத்துக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. சத்தம் வராது. வராதுன்னு தெரியும். ஆனாலும் நிக்குது.”

செந்தில் வாசல்நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகேஸ்வரி அண்ணாச்சிக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “அப்ப மேல மின்னுறது?” என்று மட்டும் கேட்டார்.

“அது பொறி கொட்டுற மாதிரி இருக்கும்மா. புள்ள ஆசையா செஞ்சிருக்கான். எப்படிச் சொல்ல?”

நட்சத்திரத்தை நிறுத்த வேண்டும் என்று மகேஸ்வரி சொன்னபோது நான் சண்டை போட்டேன். காரணம் தெரிந்த பிறகும் போட்டேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். மங்கலாக வைத்தால் போதாதா, மின்னாமல் வைத்தால் போதாதா என்றெல்லாம் பேரம் பேசினேன். “அண்ணே, உங்க வேல அழகு. இந்த வீட்டுக்கு இல்ல” என்றார். பதினைந்து நாள் நான் அவரோடு பேசவில்லை.

அந்தப் பதினைந்து நாளில் அவர் செய்ததைச் செந்தில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதலில் நட்சத்திரங்களுக்கான இணைப்பை எடுத்துவிட்டு, அறையின் சுவிட்ச் போர்டையே கழற்றிவிட்டார். அதற்குப் பதில், அண்ணாச்சி உட்காரும் நாற்காலியின் கைப்பிடியில் திருகுகிற குமிழ் ஒன்று. எவ்வளவு வேகமாகத் திருகினாலும் வெளிச்சம் தன் போக்கில்தான் ஏறும். நாற்பது எண்ணி முடிக்கும்போதுதான் முழுதாக வரும். இப்படி ஏறும் விளக்கு கேட்டால் கடையில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அணைந்த நிலையிலிருந்து எரியத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் பெரும்பாலானவை லேசாகத் துள்ளும். நம் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. மகேஸ்வரி இருட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து, துள்ளியதை எல்லாம் திருப்பி அனுப்பினார். ஐந்தாவதாக வந்ததுதான் அவருக்குச் சரிப்பட்டது.

திரைக்குப் பின்னால் சுவரில் மெல்லிய வெளிச்சம் ஒன்றை நிரந்தரமாக வைத்தார். சுற்றிலும் கும்மிருட்டாக இருந்தால் படத்தில் வரும் ஒரு மின்னல்கூடக் கண்ணில் அறையும். பின்னால் கொஞ்சம் ஒளி இருந்தால் அந்த அடி குறையும். அதோடும் விடவில்லை. அண்ணாச்சிக்குப் பிடித்த பழைய படங்கள் மூன்றைத் தானே உட்கார்ந்து முழுக்கப் பார்த்து, எந்த இடத்தில் திரை வெளுக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்தார். ஒரு விளக்கு வேலைக்காகப் படம் பார்த்துக் குறிப்பெடுத்த ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அண்ணாச்சியை ஒரு நாள் பகலில் மேலே கூட்டிப்போனார். படம் போடவில்லை. குமிழை அவர் கையில் கொடுத்து, ஏற்றவும் இறக்கவும் விட்டார். அவ்வளவுதான். மறுநாளும் அதுவேதான். மூன்றாம் நாள் அண்ணாச்சியே, “படம் கெடம் உண்டா, சும்மா லைட்டத்தான் திருகணுமா?” என்று கேட்டாராம்.

நான் வீம்பை விட்டுவிட்டுப் போனது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மகேஸ்வரி கடைசி வரிசையில் ஓரமாக இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணாச்சி குமிழைத் திருகினார். வெளிச்சம் இறங்கியது. எப்போது இறங்கி முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை; படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். கரண்ட் போய்விட்டது.

படம், ஏ.சி., சத்தம் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. செந்தில் “அப்பா” என்றார். நான் பாதி எழுந்துவிட்டேன். கரண்ட் போனதற்காக இல்லை. திரும்பி வரும்போது எல்லாம் ஒரேயடியாகப் பளிச்சென்று எரியுமே என்று.

ஆனால் அறை இருட்டாகவில்லை. தரையோரத்தில், முழங்காலுக்கும் கீழே, சின்னச் சின்ன விளக்குகள் எப்போதும்போல் எரிந்துகொண்டிருந்தன. பேட்டரியில் ஓடுபவை. திரைக்குப் பின்னாலிருந்த மெல்லிய ஒளியும் அப்படியே இருந்தது. அண்ணாச்சியின் கால்கள், செந்திலின் செருப்பு, நாற்காலிக் கால்கள் எல்லாம் தெரிந்தன. சில நிமிடம் கழித்துக் கீழே ஃபிரிட்ஜ் உறுமியது. கரண்ட் வந்துவிட்டது. அறையில் ஒரு விளக்கும் துள்ளவில்லை. குமிழைத் தொடாதவரை எதுவும் ஏறாதபடி மகேஸ்வரி அமைத்திருந்தார். கரண்ட் போவதைப் பற்றி எல்லோரும் யோசிப்போம். அது திரும்பி வருகிற அந்த நொடியை, அந்த ஒரு மனிதரின் உடம்பிலிருந்து அவர் யோசித்திருந்தார்.

அண்ணாச்சி கையை நீட்டிக் குமிழைத் தானே திருகினார். முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. பிறகு மகனைப் பார்த்து, “என்னலே முழிக்க? விட்ட எடத்துலருந்து போடு” என்றார்.

நான் மகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. இன்னும் நாற்பது வரை எண்ணிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி பிறகு வாரம் ஒரு படம் பார்த்தார் என்று செந்தில் சொல்வார். தியேட்டருக்கு மட்டும் போகவே இல்லை. அதையும் மகேஸ்வரியிடம் சொன்னேன். “போகணும்னு என்ன கட்டாயம்?” என்றார்.

துக்கத்துக்குப் போனபோது சாத்தூர் வீட்டில் செந்தில் இருந்தார். அண்ணாச்சியைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். அண்ணாச்சி மகேஸ்வரியின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். யாரோ கைபேசியில் படம் எடுக்கப் போனார்கள். “அந்தப் பளிச்ச அணைச்சிட்டு எடுங்கய்யா” என்று செந்தில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

காரியம் முடிந்த பிறகு மகேஸ்வரியின் கணவர் ஒரு ஃபைலை என்னிடம் கொடுத்தார். முடிக்காமல் விட்ட வேலைகள். அதில் மல்லாங்கிணற்றில் ஒரு வீட்டின் சினிமா அறைக்கான வரைபடம் இருந்தது. எல்லா விளக்கும் பென்சிலில் போட்டாகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்த ஒரு நாற்காலியைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘இங்கன யாரு உக்காருவாக? கேக்கணும்.’

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு வரிதான். அவர் கற்றுத் தந்த மற்றதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும்.

போன வாரம் மல்லாங்கிணற்றுக்குப் போய்க் கேட்டேன். வீட்டுக்காரர் யோசித்தார். விருந்தாளிக்காக இருக்கும் என்றார். தண்ணீர் கொண்டுவந்து வைத்த அவர் மனைவி சற்றுத் தயங்கி, “அது நாந்தான் சார்” என்றார். “அடுப்புல ஏதாவது இருக்கும். நடுநடுவுல எந்திரிச்சுப் போயிட்டு வரணும்ல. யாருக்கும் மறைக்காம ஓரமா இருந்துக்கிடலாம்னு.”

வரைபடத்தை மடியில் விரித்து, அந்த வட்டத்துக்குள் ஒரு சின்ன விளக்கை வரைந்தேன். கதவோரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அந்த அம்மா அடுப்படிக்குப் போகும்போதும் எரியவேண்டும், வரும்போதும் எரியவேண்டும்.