நோர்வே டொக்டரும் அம்மாவின் முழங்காலும்

எங்கள் வீட்டுக்கு ஒரு டொக்டர் வருகிறார் என்றால் அம்மாவுக்கு முழங்கால் நோகத் தொடங்கிவிடும். வருகிறவர் பல் டொக்டராக இருந்தாலும் பரவாயில்லை. குளிசைப் பையும் இரத்தப் பரிசோதனை றிப்போட்டும் தேநீருக்கு முன்னரே மேசைக்கு வந்துவிடும். அதனால் நான் வேலைசெய்கிற மியூசியத்திலிருந்து ஒரு நோர்வேக்காரரைச் சாப்பிட அழைத்தபோது, அவர் முன்பு டொக்டராக இருந்தவர் என்பதை மறைக்கத்தான் நினைத்தேன். என் வாய் சும்மா இருக்கவில்லை.

நானும் டொக்டர்தான். யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தவள். ரொறன்ரோவுக்கு வந்து, பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணி, ஆஸ்பத்திரிப் பயிற்சி இடத்துக்கு வருடா வருடம் விண்ணப்பித்து, வருடா வருடம் 'வருந்துகிறோம்' என்ற பதிலை வாங்கியவள். இடையில் வயிற்றுப்பாட்டுக்காக மியூசியத்தில் ஒரு வேலை எடுத்தேன். கண்ணாடிப் போத்தல்களில் ஸ்பிரிற்றில் கிடக்கும் கடலுயிர்களைப் பராமரிக்கும் வேலை. கலியாண வீடுகளில் அம்மா, "பிள்ளை ரிசேர்ச் செய்யிறா" என்று சொல்வார். என்ன ரிசேர்ச் என்று யாரும் கேட்பதற்குள் சாப்பாட்டு லைனில் போய் நின்றுவிடுவார்.

அங்கேதான் நோர்வேக்காரரைச் சந்தித்தேன். மியூசியத்தில் கடலுயிர் ஆராய்ச்சியாளராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். வடநோர்வேத் தீவுகளில் படகில் போய் வைத்தியம் பார்த்தவர். பிரசவ வீட்டில் குழந்தை பிறக்கும்வரை காத்திருக்கிற நேரத்தில், மீனவர்கள் வலையிலிருந்து உதறி எறிந்தவற்றைக் கரையில் பொறுக்குவாராம். தன் சத்திரசிகிச்சைக் கத்தியாலேயே அவற்றை வெட்டிப் பார்க்கத் தொடங்கியவர், ஒருநாள் வைத்தியத்தை விட்டுவிட்டு, நரைத்த தலையோடு விலங்கியல் படிக்கப் போய்விட்டார். கடலடியில் வெள்ளரிக்காய் மாதிரிக் கிடக்கும் கடலட்டை என்றால் அவருக்கு உயிர்.

எங்களுக்குக் கடலட்டை, அவித்துக் காயவைத்துச் சீனாவுக்கு அனுப்புகிற சாமான், அவ்வளவுதான். ஆனால் அதன் தோலில் ஒரு துணுக்கை எடுத்து, உடுப்புத் தோய்க்கிற பிளீச்சில் போட்டால் சதை கரைந்துவிடும். மிஞ்சுகிற சுண்ணாம்புத் துகள்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில சட்டைப் பொத்தான் மாதிரித் துளைகளோடு இருக்கும், சில நங்கூரம் மாதிரி இருக்கும். எந்த இனம் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். முதன்முதலாகப் பார்த்த அன்று மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனேன். நோர்வேக்காரர் எதையும் விளக்கவில்லை, தன் கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டார். 'பாவம், டொக்டராக இருந்தவள்' என்று என்னைப் பார்க்காத ஆள், இந்த நகரத்தில் எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இந்த நிலையில் மியூசியம் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது. ஆஸ்பத்திரி விண்ணப்பமும் அந்த நேரம் பார்த்துத் திறந்தது. எனக்கு இனி விண்ணப்பிக்க விருப்பமில்லை. அலுத்துப்போய் அல்ல, உண்மையாகவே கடலட்டை பிடித்துவிட்டது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அப்பா போனபின் தனியாளாக என்னைப் படிப்பித்தவர். 'டொக்டரின் அம்மா' என்பதுதான் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே பெருமை. எத்தனையோ தரம் வாயெடுத்தேன், மென்று விழுங்கிவிட்டேன்.

நோர்வேக்காரர் ரெயின் பிடித்து, ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். புட்டும் றால் குழம்பும் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணும் மூக்கும் ஓட, இன்னும் வேண்டும் என்று சைகை காட்டினார். அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. உடனே சேலையை உயர்த்தி முழங்காலைக் காட்டினார்.

"படியேறேக்கை குத்துது டொக்டர்."

தான் அந்த வேலையை எப்போதோ விட்டுவிட்டதாகவும், இந்த வீட்டில் டொக்டர் உங்கள் மகள்தான் என்றும் அவர் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அம்மா விடுகிற ஆளா?

"ஏன் விட்டவராம்? லைசென்சைப் பறிச்சுப்போட்டாங்களோ? கேள் பிள்ளை."

லைசென்சை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கேட்டேன். அவர் பதில் சொன்னார். நோயாளியின் கட்டிலருகில் இருக்கும்போதும் மனம் கரையிலேயே இருந்ததாம். முழு மனத்தோடு வருகிற டொக்டரை அந்தச் சனத்துக்கு விட்டுவிட்டுப் போவதுதான் நியாயம் என்று பட்டதாம்.

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சுகமில்லாமல் விட்டாராம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொன்னபடியே சொன்னேன். சொல்லி முடிந்தபின்னும் நிறுத்த முடியவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் அம்மா. இனி நான் அப்ளை பண்ணமாட்டன்."

நோர்வேக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா சேலையை இறக்கி முழங்காலை மூடினார்.

"அலுத்துப்போய்ச் சொல்லுறியோ, பிடிச்சுச் சொல்லுறியோ?"

"பிடிச்சுத்தான் அம்மா."

மேசையைப் பிடித்து எழும்பிக் குசினிக்குள் போனார். அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். றால் சட்டியோடு திரும்பி வந்தார். விருந்தாளியின் சாப்பாட்டுக் கோப்பையில் குழம்பை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தனான், உனக்கு நல்ல வேலை ஒண்டு கிடைக்கவேணுமெண்டு. ஆஸ்பத்திரி வேலையெண்டு நான் சொல்லேல்லை. வாற வெள்ளிக்கிழமை காரை எடு, உடைச்சுப்போட்டு வருவம்."

அம்மாவை எனக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட் என்றுகூடப் பிள்ளையாரிடம் சொல்லித்தான் கேட்டிருப்பார். எனக்காகப் பொய் சொன்னார். விருந்தாளி இருக்கிறார் என்றும் பார்க்காமல், மேசையில் தலையை வைத்து அழுதேன்.