நான் படிப்பித்த தமிழ்

எங்கள் மாநகர சபைக் கந்தோரில், வீடு வளவுக்கு வரி கட்டுகிற சோலைவரிக் கவுண்டரில் இரண்டு கதிரைகள். ஒன்றில் நான், மற்றதில் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. அரசாங்கக் கடுதாசியில் எங்கள் இருவருக்கும் முகாமைத்துவ உதவியாளர் என்று பெரிய பெயர் இருக்கிறது. வரிசையில் நிற்கிற சனத்துக்கு நாங்கள் கிளாக்கர்தான்.

இந்த வேலையில் ஒருவரை நிரந்தரமாக்குவதற்குள் பரீட்சைக்கு மேல் பரீட்சை வைத்து ஆளைப் பிழிந்துவிடுவார்கள். கணக்கு விதி, கந்தோர் நடைமுறை, கொம்பியூட்டர் எல்லாவற்றையும் தாண்டினாலும் இரண்டாம் மொழி என்று ஒன்று வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். தமிழர் சிங்களத்தில் பாஸாக வேண்டும், சிங்களவர் தமிழில். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிங்களம் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவளுக்குத் தமிழ் உயிரை எடுத்தது. எழுத்தில் எப்படியோ தப்பிவிட்டாள், வாய்மொழியில் இரண்டு தரமும் பெயில். இந்தத் தரமும் போனால் நிரந்தர நியமனத்தை மறந்துவிடச் சொல்லி மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். புருஷனுக்கு நிலையான வேலை இல்லை, வீட்டில் கைக்குழந்தை வேறு.

"அனே அக்கே, எனக்குத் தமிழ் சொல்லித் தாங்களேன்" என்று சிங்களத்தில் கெஞ்சினாள். நாங்கள் இருவரும் எப்போதும் சிங்களத்தில்தான் கதைப்போம்.

"வகுப்பும் மண்ணாங்கட்டியும் உனக்கு எதுக்கு? பக்கத்தில்தானே இருக்கிறாய். நான் சனத்தோடு கதைக்கிறதைக் கவனி. புத்தகத்தில் இருக்கிறதெல்லாம் தமிழில்லை, இதுதான் தமிழ்" என்றேன். எவ்வளவு மிதப்பு! இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போல இருக்கிறது.

அவள் கெட்டிக்காரி. நான் ஒவ்வொரு ஆளோடும் கதைக்கும்போது பேனையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். உதடு மட்டும் அசையும். பகலில் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஒப்புவிப்பாள். நான் நாக்கைத்தான் திருத்தினேன். 'ழ'வுக்கு நாக்கை இன்னும் மடி, இங்கே இழுக்காதே, அங்கே டக்கென்று நிறுத்து என்பேன். அவள் எப்படிச் சொல்கிறாள் என்பதில்தான் என் காது இருந்தது. என்ன சொல்கிறாள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை.

வாய்மொழிப் பரீட்சை பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அவள் தெஹிவளையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். ஸ்டேஷனில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு வெளி விறாந்தை வாங்கில் உட்கார்ந்தேன். புழுக்கத்துக்காகக் கதவைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள். பரீட்சை எடுத்தவர் நரைத்த தலையோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். குரல் நல்ல பதம்.

"பிள்ளை, நான் உங்கட கவுண்டருக்கு வந்திருக்கிறன் எண்டு வைப்பம். சோலைவரி கட்டச் சொல்லி வந்த துண்டைத் துலைச்சுப்போட்டன். இப்ப நான் என்ன செய்யிறது?"

அவள் தொண்டையைச் செருமினாள். அடுத்த நிமிடம் அந்த அறைக்குள்ளிருந்து என் குரல் வந்தது.

"துண்டு இல்லாம என்னத்துக்கு வந்தனீங்க? நான் என்ன, உங்கட வீட்டு அலுமாரியில போய்த் தேடுறதா?"

பெரியவர் கொஞ்சம் தடுமாறினார். "இல்லைப் பிள்ளை, வயசு போன ஆள், மறதி…"

"எல்லாரும் இதத்தான் சொல்றது. இஞ்ச நிக்க வேணாம், பின்னால ஆக்கள் நிக்கிறாங்க. நாளைக்கு வாங்க. ச்சு!"

ஐயோ மாதாவே! அந்த 'ச்சு' என்னுடையது. அதற்குப் பிறகு மேசையில் பேனையால் தட்டுகிற டொக் டொக்கும் என்னுடையதுதான். என் குரலை, என் சலிப்பை, என் பேனைத் தட்டலைக்கூட விடாமல் அவள் படித்து வைத்திருந்தாள். பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு சிங்களப் பொலிஸ்காரர் தலையை ஆட்டி, "எவ்வளவு நல்லாத் தமிழ் கதைக்கிறாள் பாருங்கள்" என்று சிங்களத்தில் என்னிடமே சொன்னார்.

பிறகு பெரியவர், "உச்சரிப்பு நல்லாயிருக்கு. ஆர் பிள்ளை உமக்குப் படிப்பிச்சது?" என்று கேட்டார்.

"எங்கட கந்தோர் அக்கா. வெளிய இருக்கிறாங்க."

நான் எழும்பி விறாந்தையின் அந்தத் தொங்கலுக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவத் தொடங்கினேன். அந்த மனிதர் கதவடிக்கு வந்து என்னைப் பார்த்துவிடுவாரோ என்று ஒரே பயம். களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி நின்றேன்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவும் அவள்மேல்! "அந்தப் பெரிய மனுசனோடு ஏன் அப்படி எரிந்து விழுந்தாய்? மரியாதை தெரியாதா உனக்கு?"

அவள் முகம் செத்துவிட்டது. "பிழையா அக்கே? தமிழில் அப்படித்தானே கதைக்கிறது? எங்கட ஆட்கள் வந்தால் சிங்களத்தில் நீங்கள் எவ்வளவு தன்மையாகக் கதைக்கிறீர்கள். தமிழ் ஆட்கள் வந்தால்தான் வேறு மாதிரி. அந்தப் பாஷையே அப்படித்தான் என்று நினைத்தேன்."

குத்திக் காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பி நாலு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்திருப்பேன். ஆனால் அவள் பாவம், உண்மையாகவே கேட்டாள். அவள் சொன்னதும் உண்மை. ஒரு சிங்கள ஐயா துண்டில்லாமல் வந்தால் 'மாத்தயா' என்று கூப்பிட்டு உட்காரச் சொல்லி, விலாசத்தைக் கேட்டு, நானே கொம்பியூட்டரில் தேடி எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் மேலிடத்தில் முறைப்பாடு வைத்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். "உங்களைப் பார்த்தால் தமிழ் என்றே தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகிற கேவலம் இன்னொரு பக்கம். எங்கள் ஆட்கள் யாரிடம் போய் முறையிடப் போகிறார்கள்? ஏச்சை வாங்கிக்கொண்டு போய்விட்டு மறுநாள் திரும்ப வருவார்கள்.

பிழை பாஷையில் இல்லை, என்னில்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "ஓம், தமிழ் கொஞ்சம் கடுமையான பாஷைதான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். சீ, நானும் ஒரு மனுசி! அவள் நம்பிவிட்டாள், தலையை ஆட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

அவள் பாஸாகிவிட்டாள். நியமனமும் நிரந்தரமானது. கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலை வெள்ளை ஒசரிச் சேலை உடுத்து, கையில் ஒரு கட்டு வெற்றிலையோடு வந்தாள். குருவுக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். கந்தோர் திறந்து வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. தமிழ்ச் சனம்தான் கூட. "வேண்டாம், உள்ளே போய்ச் செய்வோம்" என்று நான் சொல்லி முடிக்க முன்பே, இரண்டு கையாலும் வெற்றிலையைத் தந்துவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் என் காலடியில் விழுந்து கும்பிட்டாள். எழும்பி, தெளிவான தமிழில், "இவங்கதான் எனக்குத் தமிழ் படிப்பிச்சவங்க" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள்.

முதல் ஆளாக நின்றது வெள்ளவத்தையிலிருந்து வருகிற ஒரு வயதான அம்மா. துண்டைக் கொண்டு வரவில்லை என்று முந்தின நாள் நான் திருப்பி அனுப்பிய அதே அம்மா. குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

"சொல்லுங்கோ அம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்த அம்மா ஓரடி பின்னுக்குப் போனா.

"இல்லப் பிள்ளை, துண்டு இண்டைக்கும் கிடைக்கேல்ல. உங்களுக்கு இண்டைக்கு நல்ல நாள் போல கிடக்கு, நான் ஏன் கரைச்சல் தருவான்? நாளைக்கு வாறன்."