சிவகாமி அக்காவின் டிவிக்குப் பூட்டு இல்லை

சிவகாமி அக்கா இறந்துவிட்டார். இன்று விடிகாலையில், தூக்கத்திலேயே... சின்னமனூரில் அவர் வீட்டிலிருந்து இப்போதுதான் வருகிறேன்.

உரக்கடையில் பில் போடும் மேசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அவர் வேலையை விட்டு நின்ற பிறகும் தினமும் ஒரு போன் வந்துவிடும்.

இன்று அவர் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் என் காதுபடவே சொன்னார். "இருதயக்காரி பாக்குற நாடகமா அது? அந்த வெட்டுக்குத்தப் பாத்துத்தான் நெஞ்சு நின்னு போச்சு."

அதனால்தான் இந்தப் பதிவு.

அக்கா பார்த்தது ஒரு இங்கிலீஷ் வெப் சீரிஸ். தமிழ் டப்பிங். உலகமே அழிந்துபோயிருக்கும், மிச்சம் இருப்பவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் கறுப்புத் திரையில் எச்சரிக்கை வரும்... 18+, வன்முறை, ரத்தம், தகாத வார்த்தைகள்.

போன வருடம் அக்காவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த மகன் அந்த எச்சரிக்கையைப் பார்த்து அரண்டுபோய், அம்மாவின் டிவியைக் குழந்தைகள் புரொஃபைலுக்கு மாற்றி, ரகசிய நம்பர் போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்.

அன்று அக்கா போட்ட போன் இருக்கிறதே...

"ஏலே, டிவியத் தொறந்தா கரடிக்குட்டி பாட்டுப் பாடுது. பதினெட்டு வயசு ஆகணும்னுதான போட்டிருக்கு? எனக்கு அறுபத்திமூணு. இன்னும் எம்புட்டு ஆகணுமாம்?"

மகன் பயந்ததும் அம்மா மேல் உள்ள பாசத்தில்தான். ஆனாலும் மறுநாளே போய் அந்த டிவியில் என் அக்கவுண்டைப் போட்டு, அக்கா பேரில் ஒரு புரொஃபைல் திறந்தேன். பூட்டு கிடையாது.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "உப்பக் கொறைக்கச் சொன்னாக. வெயிட்டு தூக்கக் கூடாதுன்னாக. டிவியப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

எத்தனை தலை உருண்டாலும் அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கோபம் வரும்.

"அங்கன ஆறு ஓடுது, நெலம் சும்மா கெடக்கு. டப்பா சோத்துக்கு வெட்டிக்கிட்டுச் சாகுறாய்ங்க. ஒருத்தனாச்சும் ரெண்டு வெதையப் போட்டானா? மொதல்லயே எழுதிப் போட வேணாமா, இதுல எவனும் வெவசாயம் பாக்க மாட்டான்னு!"

சீசன் சீசனாக இதே புகார். கடைக்கு யூரியா வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நேற்று சாயந்திரம் கடைசி எபிசோடு முடிந்ததும் கூப்பிட்டார். கடையில் கூட்டம். ஆனாலும் எடுத்தேன்.

"ஏலே, நட்டுட்டாய்ங்கடா! அந்தச் சின்னப்புள்ள மக்காச்சோளத்த ஊனிருச்சு. மொளச்சும் வந்துருச்சுடா!"

சத்தமாகச் சிரித்தார். என் பக்கத்தில் நின்றவர் என்னவென்று கேட்கிற அளவுக்குச் சிரித்தார். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை.

அந்தப் பெரியவருக்கும், இனிமேல் அப்படிப் பேசப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன்... ஆமாம், பூட்டை எடுத்துவிட்டது நான்தான். அக்கா போனதற்கு அழுகிறேன். பூட்டை எடுத்ததற்கு வருத்தப்பட மாட்டேன்.

திட்டுவதென்றால் கீழே கமெண்டில் வந்து திட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன். யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறது. என் பேருக்குப் பக்கத்தில் உங்கள் பேர், அக்கா...

நல்லபடியாகப் போய் வாருங்கள் அக்கா. அந்தப் பேரை அழிக்க மாட்டேன். பூட்டும் போட மாட்டேன்.