அவரு வாயில வராத வார்த்தை

எங்க வூட்டுக்காரரு பாப்பாரப்பட்டியில தக்காளி லோடு வண்டி ஓட்டறாரு. வெலை கேக்கறவங்களுக்கு நாள் பூரா வாட்ஸ்அப்புல வாய்ஸ் போடுவாரு. எந்த நாசமாப் போனவனோ அந்தக் குரலை எடுத்து ஏஐல போட்டு, அவரே பேசற மாதிரி ஒண்ணு செஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான். பக்கத்துத் தெருப் பொண்ணு பேரைச் சொல்லி, "கூப்ட்டா போதும், என் வீட்டுக்கு வந்துருவா"ன்னு சிரிக்கிறாப்புல.

கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த மனுசன் பொறந்ததுல இருந்து வீடுன்னு சொன்னதே கெடையாது, வூடுதான். பேங்குக்குப் போனாக்கூட வூட்டு லோனுதான்.

இதைச் சொல்லலாம்னு அவரைத் தேடி மார்க்கெட்டுக்கு ஓடுனேன், அதுக்குள்ள பொண்ணோட அண்ணனுங்க அங்கயே வந்துட்டாங்க. தக்காளிப் பெட்டியைத் தூக்கி அவரு வாய் மேலயே அடிச்சாங்க. தாடை ஒடஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. விழுந்தவரை மிதிச்ச மிதியில ரத்தம் எது, தக்காளி எதுன்னு தெரியல. அவரு சொல்ற வார்த்தையே அது இல்லடான்னு கத்தறேன், பைத்தியக்காரின்னு தள்ளிவிட்டானுங்க. ஒருத்தன் கையைக் கடிச்சேன். சதை பிஞ்சு வந்துச்சு. அதுக்கு நான் இன்னிக்கும் வருத்தப்படல.

அடிச்சவங்க மேல ஒரு கேஸ், பொண்ணைக் கேவலமாப் பேசினாருன்னு இவரு மேல ஒரு கேஸ். ஸ்டேஷன்ல வூடு வீடு வெவரத்தைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கல, பொறுமையாத்தான் கேட்டாரு. ஆனா கோர்ட்டுல அது மட்டும் நிக்காதும்மா, லேப்புல குரலை ஒத்துப் பாத்தாத்தான் இவரு தப்பிப்பாருன்னாரு. செஞ்சவன் யாருங்கன்னு கேட்டேன். நம்பரே போலியாம், தேடறாங்களாம்.

தாடையில கட்டுன கம்பியை எடுத்தப்புறம் குரல் பதிவு பண்ண லேப்புக்குக் கூப்ட்டாங்க. ஆடியோவுல இருக்கற அதே வார்த்தையை அவரு வாயால படிக்கணுமாம், அப்பத்தான் ஒத்துப் பாக்க முடியுமாம். அந்த மைக்கைப் புடுங்கி ஒடைக்கணும்னு இருந்துச்சு.

அவரு எச்சியைத் தொடச்சுக்கிட்டுப் படிச்சாரு. "என் வூட்டுக்கு..."

"வீட்டுக்குன்னு இருக்குங்க. இருக்கற மாதிரியே படிங்க."

மறுபடியும் வூடுன்னே வந்துச்சு. மறுபடியும் திருத்தினாங்க. கடைசியில, அந்தப் பொண்ணு பேரோட சேத்து, ஒரு எழுத்து பிசகாம சொல்லிட்டாரு.

வெளிய வந்து வேப்பமரத்தடியில உக்காந்தவரு என் மூஞ்சியைப் பாக்கவே இல்ல. ஒடஞ்ச வாயால சொன்னாரு.

"அது பொய்யாத்தான் இருந்துச்சு. இப்ப நெஜமாவே நான் சொல்லிட்டேன், பாத்தியா."