பலகையின் மறுபாதி

எங்கள் மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது பள்ளி ஆண்டு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருந்தது. பொங்கலும் தைப்பூசமும் கடந்து, டிசம்பரில் வாங்கிய கறுப்புக் காலணி பெட்டியிலேயே கிடந்து, அதற்குள் அவள் கால் கொஞ்சம் வளர்ந்துவிட்ட பிறகுதான் பள்ளி திறந்தது. முதல் நாள் அந்தக் காலணி கடித்தது. அவள் அழுததற்குக் காரணம் அதுதான், பள்ளி இல்லை என்று வாசலில் நின்ற எல்லாரிடமும் நானே விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் யாருமில்லை.

பள்ளி, ஈப்போவிலிருந்து காம்பார் போகும் பழைய சாலையை ஒட்டி உள்ளே இருக்கிறது. ரப்பர் தோட்டத்துக்கென்று கட்டிய பள்ளி. தோட்டம் போய்விட்டது. பாதி நிலம் செம்பனையாகவும், மீதி நாங்கள் குடியிருக்கும் வீட்டு வரிசைகள் கொண்ட தாமானாகவும் மாறியது. பள்ளி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. நான் காம்பாரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போகும் வழியில் மகளை இறக்கிவிடலாம். என் கணவர் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மதிய வேலை இல்லாத நாள்களில் அவர் போய் ஏற்றி வருவார். இந்தப் பள்ளியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஏதுமில்லை.

மாணவர்கள் குறைவு என்பதால் அங்கே முதலாம் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியை. வெள்ளைப் பலகையின் நடுவில் கறுப்பு நாடா ஒட்டி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இடது பாதி முதலாம் ஆண்டு, வலது பாதி இரண்டாம் ஆண்டு. டீச்சர் ஒரு பக்கத்துக்குப் பாடம் நடத்தும்போது மற்றப் பக்கம் எழுத்து வேலை செய்யும். பிறகு மாறிக்கொள்வார்கள். இடது பக்கம் நான்கு பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி எங்கள் மகள்.

நாங்கள் படித்த காலத்தில் ஓர் ஆண்டு என்பது சோதனைகளால் ஆனது. மார்ச் சோதனை, அரையாண்டு, இறுதியாண்டு. ஒவ்வொன்றுக்கும் பிறகு வகுப்பில் எத்தனையாவது இடம் என்று ஓர் எண் வீட்டுக்கு வரும். அந்த எண்ணைக் கொண்டுதான் அந்த வருடம் நல்லதா கெட்டதா என்று வீட்டில் முடிவாகும். இப்போது அது இல்லை. சிறிய வகுப்புகளுக்குச் சோதனை கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் அடைவுநிலை என்று ஒன்று போட்டுக் கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு இது நல்லதுதான். பெற்றோருக்குத்தான் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் போகிறது.

முதல் பெற்றோர் சந்திப்பில் என் கணவர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"டீச்சர், பிள்ளை எத்தனையாவதா வருது?"

டீச்சர் பீடோர் ஊர்க்காரர், முப்பது வயது இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நாலு பேருதான் இருக்காங்க அண்ணே. கடைசியா வந்தாலும் நாலாவதுதான் லா."

வீட்டுக்கு வந்தும் கணவருக்கு அது ஆறவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான் இருந்தது. அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

எண் கிடைக்காத அந்தக் காலத்தில்தான் நீர்நாய்ப் பாடம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜூன் மாதம் இருக்கும். மீன் குளத்தில் இறங்கித் திருடும் மூன்று நீர்நாய்களைப் பற்றிய பாடம், இரண்டாம் ஆண்டு புத்தகத்தில் உள்ளது. பக்கத்து மேசை அக்காவிடம் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து, விரலை ஓட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பி, முழுவதையும் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். முதலாம் ஆண்டுப் பிள்ளை, இரண்டாம் ஆண்டுப் பாடம்! கணவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து குடும்பக் குழுவில் போட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் நீர்நாய் வாசிப்பு நடந்தது. முடித்ததும் தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள். அதுவும் வாசிப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு முந்தைய வாரம் டீச்சர் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். பள்ளி முடிந்த நேரம். மகளும் கூட இருந்தாள். அவளுக்கு இன்னும் எழுத்துகள் பிடிபடவில்லை, குறைநீக்கல் வகுப்பில் போட்டுத் தனியாகக் கவனிக்கலாமா என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். கணவர் கைப்பேசியை எடுத்து, பதிவை ஓடவிட்டு, டீச்சர் முன்னால் மேசையில் வைத்தார்.

டீச்சர் கடைசிவரை பார்த்தார். அலமாரியிலிருந்து வேறொரு புத்தகத்தை எடுத்து, சாலையைக் கடப்பது பற்றிய ஒரு பக்கத்தைத் திறந்து, "அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுறியா?" என்று மகளிடம் கொடுத்தார்.

அவள் விரலை முதல் வரியில் வைத்தாள். மூன்று நீர்நாய்கள் குளக்கரைக்கு வந்தன. விரல் ஓடியது, குரல் ஏறி இறங்கியது, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றது. சாலை விதிகளின் மேல் விரல் நகர நகர, நீர்நாய்கள் ஒவ்வொன்றாகக் குளத்தில் இறங்கின. முடித்ததும் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கணவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவளை வெளியே விளையாட அனுப்பிய பிறகுதான் பேசினார். ஒரே அறையில் இரண்டு வகுப்பை அடைத்தால் இப்படித்தான் ஆகும், இங்கே சேர்த்ததே பிசகு, அடுத்த வருடம் ஈப்போவில் பெரிய பள்ளிக்கு மாற்றிவிடுகிறோம் என்றார். குரலை உயர்த்தவில்லை. டீச்சர், அது உங்கள் விருப்பம் என்றும், இந்த வருடம் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றும் மட்டும் சொன்னார்.

விடுமுறை முடிந்ததும் ஒரு நாள் நான் வேலைக்கு லீவு போட்டு, டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, காலை முழுவதும் வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பார்க்கப் பார்க்க விஷயம் விளங்கியது. டீச்சர் இடது பக்கம் நடத்தும்போது என் மகள் மற்ற மூவரைப்போலத்தான் இருந்தாள். டீச்சர் வலது பக்கம் திரும்பியதும்தான் அவளுக்கு உயிர் வந்தது. பென்சில் தாளில் நின்றுவிட்டது. முகம் தன் புத்தகத்தைப் பார்த்தபடியே இருந்தது, ஆனால் அவள் முழுவதும் நாடாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அங்கே கதை இருந்தது. இங்கே எழுத்துகள்தான் இருந்தன. எந்தக் குழந்தையும் கதையைத்தான் தேர்ந்தெடுக்கும்.

இடைவேளையில் டீச்சர் என் அருகே வந்து உட்கார்ந்தார்.

"காது நல்லாப் படிக்குது அக்கா. கண்ணுதான் இன்னும் ஸ்கூலுக்கு வரல."

இடத்தை மாற்றி உட்கார வைத்தால் என்ன என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் அந்தப் பக்கம் கேட்காதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல மனம் வரவில்லை என்றார். அவர் வேறொரு வழி வைத்திருந்தார். அவளுக்கு மனப்பாடமான கதையை வரி வரியாக வெட்டி, துண்டுகளைக் கலைத்துக் கொடுப்பது. அவள் அவற்றை முறையாக அடுக்க வேண்டும். வாயில் இருப்பது தாளில் எங்கே இருக்கிறது என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்றார். வீட்டிலும் செய்யச் சொன்னார். அவள் சொல்லும் கதையை நான் எழுதி, வெட்டி, கலைத்துத் தர வேண்டும்.

முதல் நாள் அவள் சொல்ல, நான் எழுதினேன். நீர்நாய்கள் எங்கள் தாமானுக்கு வந்து, நாசி லெமாக் கடையில் பொரித்த மீன் திருடிய கதை. எழுதி முடித்து அவள் கையில் கொடுத்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மடமடவென்று ஒப்பித்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்து நறுக்கியபோது அவள் முகம் மாறியது.

"ஏன்மா கதைய ஒடச்சிட்டீங்க?"

திரும்ப ஒட்டலாம் வா என்றேன். அன்றைக்கு அவள் வரவில்லை.

பிறகு வந்தாள். செப்டம்பர், அக்டோபர் என்று போயிற்று. நூலகத்தில் நாள் முழுவதும் வாசிப்பவர்களைப் பார்க்கிறவள் நான்; வாசிப்பு தொடங்கும் இடத்தில் இவ்வளவு நேரம் நின்றதில்லை. ஒரு பிள்ளை ஒரு சொல்லை விரலால் பிடித்துக்கொண்டு, அது தான் நினைத்த சொல்தானா என்று சந்தேகப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவரை அவளுக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகம் வந்த பிறகு அவள் பேச்சு குறைந்தது. பாடிக்கொண்டே திரிந்தவள் துண்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தபடி குந்தியிருப்பாள். குறைநீக்கல் வகுப்புக்கும் போய் வந்தாள். கணவர் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் அந்தத் துண்டுகளைத் தாண்டித்தான் நடப்பார், உட்கார்ந்து பார்க்கமாட்டார்.

தீபாவளிக்கு வீடு நிறைய ஆள்கள். யாரோ ஒருவர், அந்த நீர்நாய்ப் பாடத்தைப் படிச்சுக் காட்டும்மா என்று கேட்டார். கணவரும் முறுக்குத் தட்டோடு நின்று அவளைப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு இன்னும் படிக்கத் தெரியாது அங்கிள்."

எல்லாரும் சிரித்துப் பேச்சை மாற்றினார்கள். எனக்கு அது அந்த வருடத்தின் மிக நேர்மையான வாக்கியமாகப் பட்டது. கணவருக்கு அது சபையில் கிடைத்த அடி. மறுவாரமே ஈப்போப் பெரிய பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் இருக்கும் தன் நண்பரிடம் பேசி, இரண்டாம் ஆண்டுக்கு ஓர் இடம் பிடித்து வைத்தார். பிப்ரவரி நடுவில் வரும் ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் உறுதி சொன்னால் போதும். எனக்கு அதை மறுக்கவும் தோன்றவில்லை, ஒப்பவும் தோன்றவில்லை. அங்கே வகுப்புக்கு ஒரு டீச்சர், ஒரு முழுப் பலகை. அது அவளுக்கு உதவாது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? இங்கே எழுத்து அவளிடம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், அவள் முன்பைவிட மோசமாக வாசிக்கிறாள் என்பதுதான். அதை வைத்து யாரிடம் வாதாடுவது?

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மூவரும் ஈப்போவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். மேசையில் யாரோ விட்டுப்போன தமிழ்ப் பத்திரிகை கிடந்தது. கிரிக் காட்டுப் பக்கம் சாலையை மறித்து நின்ற யானைகளின் படம். மகள் அதை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். யானை என்று சொல்லிவிட்டு விடுவாள் என்று நினைத்தேன். படத்துக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தாள்.

முதல் சொல்லுக்கே நெடுநேரம் ஆனது. இலை போட்டார்கள், சோறு வந்தது, ரசம் வந்தது. அவள் விரல் இரண்டாவது சொல்லில் இருந்தது. கணவர் எட்டிப் பார்த்து, சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். "வாகனம்" என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போனவள் நின்றாள். முகத்தைச் சுளித்தாள். விரல் பின்னால் வந்தது. "இல்ல. வாகனங்கள்." மறுபடியும் முன்னால் போனாள். "வாகனங்கள்... நின்... றன."

கணவர் தன் இலையைத் தள்ளி வைத்துவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீர்நாய்ப் பாடத்தில் அவள் ஒருநாளும் பின்னால் போனதில்லை. ஒப்பிக்கிறவருக்குப் பின்னால் பார்க்க எதுவும் கிடையாது. அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அந்த வரி முடியும்வரை எங்கள் மூவர் சோறும் ஆறியது. முடித்ததும் அவள் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

அன்று மாலை காரைக் கழுவிக்கொண்டே கணவர் நண்பருக்குப் போன் செய்தார். சன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது.

"மச்சான், அந்த சீட்டு வேணாம். வேற யாருக்காச்சும் குடுத்துடு... ஒனக்கு சூசா குடுத்துட்டேன், வீணா அலைய வச்சுட்டேன், மன்னிச்சுக்க... இல்ல, இங்கயே இருக்கட்டும்."

நண்பர் நீளமாக ஏதோ கேட்டிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நல்லாப் படிக்குதான்னா... இல்ல மச்சான். ரொம்ப மெதுவா. ஒரு வரிக்கு சோறே ஆறிப்போச்சு. ஆனா படிக்குது லா."